எண்ணெய் தேய்த்த கணுக்கால்

கிளினிக் டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: கணுக்கால் கட்டு உறுதியாக நின்றால் யோகேஸ்வரி ஆடலாம், அவிழ்ந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். பாடாங் மேஹாவில் நடக்கும் கபடி இறுதியாட்டத்துக்கு மாநிலத் தேர்வாளர்கள் வரப்போகிறார்கள். கெடா அணியில் இடம் பிடிக்க அவளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இந்த நேரம் பார்த்தா கணுக்கால் பிசக வேண்டும்?

அணிக்குக் கட்டுப் போடுகிறவள் நான், குணசுந்தரி. குருணில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. எந்தக் கட்டுத்துணி நல்லது என்று ஃபார்மசிக்காரரைக் கேட்டால் எல்லாமே நல்லது என்கிறார். விற்கிறவர் வேறென்ன சொல்வார்? மூன்று வகை வாங்கி, ஒவ்வொன்றாக என் காலிலேயே சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் உற்பத்தி லைனில் அடிக்கும் சூட்டிடம் அடுப்படி தோற்றுப்போகும். பசையில்லாத க்ரேப் துணி வியர்வையில் சாக்ஸ் மாதிரி இறங்கிவிட்டது. வெள்ளை டேப் பிடித்த பிடி விடவில்லை, ஆனால் குந்தி எழ முடியவில்லை. கபடியில் குந்தாமல், கும்பிட்டுக்கொண்டா நிற்பது? மூன்றாவது, பசையும் உண்டு, இழுத்தால் நீளவும் செய்யும் பழுப்புத் துணி. கால் மடங்கினால் கூடவே வந்தது, அளவு மீறினால் இழுத்துப் பிடித்தது. அதிலேயே இரண்டு சுருள் வாங்கினேன்.

ஆட்டத்தன்று காலை, அவசரத்தில் தோலைக் கவனிக்காமல் கட்டுப் போட்டேன். யோகேஸ்வரி மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்தாள். கட்டு குதிகாலில் தொங்கியது.

குனிந்து முகர்ந்தேன். ஜாதிக்காய் எண்ணெய்.

"யாருடி தேய்ச்சது?"

"அவருதான்க்கா. வலிக்கக் கூடாதுன்னு."

அவள் கணவன் தயாளன் பல்லைக் காட்டினான். "மினியாக் தேய்க்காம யாருக்கா வெளாட எறங்குவா?"

உண்மைதான். எங்கள் பக்கம் எண்ணெய் தேய்க்காமல் யாரும் திடலில் கால் வைக்க மாட்டார்கள். அதற்காக?

"எண்ணெ மேல பசை எப்பிடி ஒட்டும் லா? அவ பட்ட பாடெல்லாம் போச்சு!" கத்திவிட்டேன்.

யோகேஸ்வரி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்த கூடாரத்தையே பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தயாளன் ஓடினான். சாப்பாட்டுக் கடையிலிருந்து வாளித் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டுவந்தான். ஊரே பார்க்க மண்டியிட்டு, மனைவியின் காலைத் தொடைமேல் வைத்துத் தேய்த்துக் கழுவினான்.

"என்னா தயாளா, மறுபடியும் மெட்டி போடறியா?" என்று நடுவர் காளிதாசன் அண்ணன் கேட்க, கூட்டம் சிரித்தது.

"அன்னிக்கு அவசரத்துல புடிச்சேண்ணே. இன்னிக்கு ஒழுங்கா புடிக்கிறேன்."

சட்டையைக் கழற்றி விரலிடுக்கு வரை துடைத்தான். கடைசிச் சுருளை நான் சுற்றினேன். விரல் நுனியை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துத்தான் எழுந்தேன்.

ஆட்டத்தில் என்னவோ தோற்றோம். ஆனால் யோகேஸ்வரி பாடிப் போன ஒவ்வொரு முறையும் புள்ளியோடு திரும்பினாள். கட்டு அசையவில்லை. தேர்வாளர்களில் ஒரு அம்மா நேரே வந்து அவள் பெயரைக் கேட்டு, திங்கட்கிழமை அலோர் ஸ்டாரில் பயிற்சிக்கு வரச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கட்டை அவிழ்க்க உட்கார்ந்தோம். அது தோலோடு ஒட்டிக் கிடந்தது. லேசாக இழுத்ததற்கே யோகேஸ்வரி அலறினாள். தயாளன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிட்டே வரவே பயந்து நின்றான்.

"ஏன் தம்பி மரமாட்டம் நிக்கிற?" என்றேன். "அந்த மினியாக் எங்க? எடுத்துட்டு வா, ஊத்தினாத்தான் இது வரும்."