ஸ்பின்னில் போட்ட மொச்சை

பாண்டியராஜன் கப்பலூரில் நட்டும் போல்ட்டும் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் செக்கிங்குக்குக் கொடுக்கவில்லை. மதுரைக் காளவாசலுக்கு மேற்கே அவர் குடியிருந்த தெருவில் பால்காரரின் நுரை, இஸ்திரி வண்டிக்காரரின் மடிப்பு, எதிர் வீட்டுக் கோலத்தின் புள்ளி வரிசை எல்லாவற்றுக்கும் தினமும் ஒப்புதல் வழங்கிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். அந்த ஒப்புதலை யாரும் கேட்டதில்லை என்பது அவர் கவனத்துக்கு வரவே இல்லை.

அப்படிப்பட்டவர் போன ஆடியில் விவசாயத்தில் இறங்கினார். பக்கத்து வீட்டு சேக் இஸ்மாயிலுக்குச் சொந்தமான காலி மனை ஒன்று இரு வீட்டுச் சுவர்களுக்கும் நடுவே கிடந்தது. இஸ்மாயிலுக்குக் கோரிப்பாளையத்தில் கடிகாரக் கடை. "கருவேலம் மொளைக்கிற எடத்துல மொச்சை மொளைச்சுட்டுப் போகட்டுமேண்ணே" என்று ஒரே வாக்கியத்தில் மனையை விட்டுக்கொடுத்தார்.

தீபாவளிக்கு வந்த மச்சான் நல்லகாமன் செடிகளைப் பார்த்தார். அவர் பாண்டியராஜனின் மனைவி தாமரைச்செல்விக்கு அண்ணன். செல்லம்பட்டிப் பக்கம் ஊர். காரின் பின்கண்ணாடியில் 'விவசாயி' என்று முழங்கை நீள எழுத்தில் ஒட்டியிருப்பவர்.

"என்ன மாப்ள, டவுன் மொச்சையா? பூக்கும். போட்டோ எடுத்துக்கலாம்."

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். யாரோ சிரித்தும் விட்டார்கள். பாண்டியராஜன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மச்சான், மாசியில உங்க பேரன் காதுகுத்து வருதுல்ல? சாமிக்குப் படைச்சுட்டுப் போடுற மொத பந்தி சைவம்தான? அதுக்கு மொச்சை அம்புட்டும் நம்ம தோட்டம். வெளிய ஒரு படி வாங்கப்படாது."

"ரெண்டு பக்கத்துச் சொந்தமும் கேட்டுக்கிட்டு இருக்கு மாப்ள. சொன்னா மாறப்படாது."

"மாறுனா நான் பந்தியில உக்காரல."

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் மொச்சை அளவுக்குச் சுருங்கிப்போனது.

செடிகளுக்கு இந்தச் சபதமெல்லாம் தெரியாது. அவை பாட்டுக்குக் காய்த்தன. தை பாதியில் காய்கள் பழுத்து, வெளுத்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று பேசும் நெத்துகளாயின. பாண்டியராஜன் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் அறுவடைக்குக் கிளம்பினார். கை வைத்ததும் நெத்துகள் பட்பட்டென்று வெடித்தன. மொச்சை அவர் சட்டைப்பைக்குள் ஒன்றும் இஸ்மாயில் வீட்டு ஜன்னலுக்குள் ஒன்றுமாகத் தெறித்தது.

"வெயில் ஏறுனப்பெறகு தொட்டா வெடிக்கத்தாங்க செய்யும். விடியக்காலம் பனி ஈரத்தோட பறிக்கணும்" என்றாள் தாமரைச்செல்வி.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் பாண்டியராஜன், காலருக்குள்ளிருந்து ஒரு மொச்சையை எடுத்தபடி.

மறுநாளிலிருந்து பனியில் பறித்தார்கள். மொட்டைமாடியில் பரப்பிக் காயப்போட்டார்கள். நன்றாகக் காய்ந்ததும் சாக்கை விரித்து, இஸ்மாயில் எங்கிருந்தோ கொண்டுவந்த உடைந்த கிரிக்கெட் மட்டையால் அடித்தார்கள். தாமரைச்செல்வியும் இஸ்மாயிலின் மனைவி அஜ்மல் பீவியும் காற்று வாட்டம் பார்த்து நின்று சொளகில் தூற்றினார்கள். பாண்டியராஜன் மேற்பார்வை செய்வதற்கென்று காற்றுக்கு நேர் எதிரே நின்று, தலை முதல் கால் வரை தூசியும் சருகுமாகி வைக்கோல் பொம்மை போல இறங்கி வந்தார். குளித்துவிட்டு மறுபடி ஏறி, கம்பெனியில் போல்ட் அளந்த வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு மொச்சையாக அளந்து 'ரிஜெக்ட்' குவியல் ஒன்று போட்டார். அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது அஜ்மல் பீவி அதைப் புறங்கையால் நல்ல குவியலுக்குள் தள்ளிவிட்டாள்.

"அண்ணே பாத்தா?"

"பாத்தா மறுபடி அளப்பாரு. அவருக்கும் பொழுது போகணும்ல" என்றாள் தாமரைச்செல்வி.

அரை மூட்டை தேறியது. காதுகுத்துக்கு இன்னும் நாள் இருந்ததால் தாமரைச்செல்வி செம்மண்ணைக் கூழாகக் கரைத்து, மொச்சையை அதில் புரட்டிக் காயவைத்துக் கட்டினாள். மண் கட்டிய பயறில் வண்டு விழாது. அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். சமைக்கிற அன்றைக்கு அலசிக்கொள்ளலாம்.

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. வேலைகளுக்கு ஒத்தாசையாக வியாழக்கிழமையே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பாண்டியராஜன் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே செக்கச்செவேலென்று மண். நல்லகாமன் அதில் ஒரு கை அள்ளி, 'மொச்சை கேட்டா மண்ணக் கொண்டாந்திருக்கீகளே மாப்ள' என்று சபையில் காட்டுவது கண்முன் ஓடியது. முப்பது வருஷமாக, தூசி படிந்த ஒரு போல்ட்டைக் கூடக் கம்பெனி கேட்டுக்கு வெளியே விடாத மனுஷன். பெரிய அண்டாவில் தண்ணீரை நிரப்பினார். மண் ஒரே அலசில் போகவில்லை. ஊறட்டும் என்று விட்டார். காலையில் மொச்சை ஒவ்வொன்றும் குளித்துப் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் ஈரம். வெயிலில் போட்டால் தூசி விழும். வீட்டில் தூசியே படாமல் காயவைக்கும் எந்திரம் ஒன்று இருக்கும்போது சூரியனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இஸ்மாயில் எட்டிப் பார்த்தார். "தலகாணி உறையெல்லாம் கட்டிக்கட்டி மிஷினுக்குள்ள போடுறீங்க, என்னண்ணே?"

"மொச்சை. ஸ்பின்ல போடுறேன்."

இஸ்மாயில் மிஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சோப்பு போடலைல?" என்று மட்டும் கேட்டார்.

மேலாக்க உலர்ந்திருந்த மொச்சையைத் தூசி நுழையாதபடி வெள்ளைச் சாக்கில் இறுக்கிக் கட்டி, ஈரத்துணியால் துடைத்து வைத்தார் பாண்டியராஜன். அன்று இரவு நாலு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காலை நல்லகாமன் தங்கையுடன் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவர் பார்வை நேரே சாக்கின் மேல் விழுந்தது.

"என்ன மாப்ள, அரை மூட்டைன்னுல்ல சொன்னா என் தங்கச்சி? இம்புட்டு உப்பிப்போயி நிக்கிது?"

அவிழ்த்தார்கள். கதகதவென்று ஒரு வாசம் எழுந்தது. மொச்சை ஒவ்வொன்றும் இரட்டிப்பாகப் பருத்து, வெள்ளை மூக்கை லேசாக நீட்டிக்கொண்டிருந்தது.

நல்லகாமன் சிரித்த சிரிப்பில் தெரு நாய் எழுந்து இடம் மாறியது. "மாப்ள! இது மொச்சையா, மசக்கையா? சரி விடுங்க, நம்ம வீட்ல நாலு மூட்டை கெடக்கு. ஒரு போன் போட்டா குழம்புக்கு எடுத்துருவாக."

செல்போன் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஒரு எண்ணை அமுக்கினால் போதும், பாண்டியராஜன் நாளைக்குப் பந்தியில் உட்கார முடியாது. அவர் ஆத்திரத்தில் கையிலிருந்த ஒரு மொச்சையை நசுக்கினார். தோல் விரலிலேயே தங்கிவிட, உள்ளிருந்த பருப்பு வழுக்கிக்கொண்டு பாய்ந்து நல்லகாமனின் நெற்றிப்பொட்டில் போய் ஒட்டியது.

எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

"பிதுக்கம்பருப்பு!" என்றார் பாண்டியராஜன். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "பின்ன? பிதுக்கம்பருப்புக் குழம்புக்குத்தான் மச்சான் ஊறப்போட்டேன்."

"அப்படியே நம்பிட்டேன்" என்றாள் தாமரைச்செல்வி. ஆனால் ஒன்றை எடுத்துப் பிதுக்கிப் பார்த்து, வாயிலும் போட்டுப் பார்த்தவளின் முகம் மலர்ந்தது. "அண்ணே, போன உள்ள வையி. நல்ல பதமா இருக்கு. அஜ்மலு! தெருவுல இருக்கவுகளக் கூப்புடு. சாயங்காலத்துக்குள்ள அம்புட்டையும் பிதுக்கணும்."

மொட்டைமாடியில் பாய் விரித்தார்கள். தெருவே ஏறி வந்தது. பால்காரர் கேனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். இஸ்திரிக்காரர் பெட்டியை அணைத்துவிட்டு வந்தார். கடை திறக்கப் போக வேண்டிய இஸ்மாயில், "கடிகாரம் எல்லாம் அதுபாட்டுக்கு ஓடும்" என்று சொல்லிக் கைலியை மடித்துக் கட்டினார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. பருப்பு சட்டியில் டப்பென்று விழும். குறி தப்பினால் எதிரே இருப்பவர் மூக்கு. குறி அடிக்கடி தப்பியது, பல சமயம் வேண்டுமென்றே.

"யாருடி அது என் கண்ணுல அடிச்சது?"

"அக்கா, நான் பால்கார அண்ணனத்தான் பாத்தேன், மொச்சை ஒங்களப் பாத்துருச்சு!"

நின்றுகொண்டே மேற்பார்வை செய்த நல்லகாமனைத் தாமரைச்செல்வி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் பிதுக்கிய முதல் பருப்பு அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இரண்டாவது கூழாகி விரலிலேயே அப்பியது. மூன்றாவது திரும்பி அவர் மீசைக்கே வந்தது.

"என்னண்ணே, விவசாயிக்கு மொச்சை புதுசா?" என்று இஸ்மாயில் அப்பாவியாகக் கேட்டார்.

"நம்ம வீட்டு மொச்சை இப்படி வழுக்காது" என்றார் நல்லகாமன் விறைப்பாக.

"ஒங்க வீட்டு மொச்சையா?" தாமரைச்செல்வி பிதுக்குவதை நிறுத்தவில்லை. "அந்த நாலு மூட்டையும் போன வாரம் உசிலம்பட்டிச் சந்தையில வாங்கி எறக்குனதுதான? மதினிதான் சொல்லுச்சு. நீ கடைசியா வயல்ல கால வச்சது ஒன் மகன் கல்யாண வீடியோவுக்கு."

பால்காரர்தான் முதலில் வெடித்தார். அஜ்மல் பீவி முந்தானையை வாயில் அமுக்கியும் அடங்கவில்லை. நல்லகாமன் முறைக்கப் பார்த்தார். மீசையில் பருப்பை வைத்துக்கொண்டு முறைப்பது லேசான காரியமா? அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, சத்தமாச் சொல்லாதீக, கார்ல ஸ்டிக்கர் இருக்கு" என்று சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பனியனோடு சம்மணம் போட்டார். பொழுது சாய்வதற்குள் நாலு சட்டி நிறைந்தது. கடைசிச் சட்டி முழுக்க அவர் பிதுக்கியதென்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பேரன் காது குத்தும்போது எட்டு ஊருக்குக் கேட்க அழுதான். சமையல் மாஸ்டர் விருமாண்டி சோம்பும் தேங்காயும் அரைத்து ஊற்றி இறக்கிய பிதுக்கம்பருப்புக் குழம்பின் வாசம் வந்ததும்தான் அழுகையை நிறுத்தினான் என்று அவன் அம்மா சொன்னாள். படையல் முடிந்தது. முதல் பந்தி உட்கார்ந்தது. இஸ்மாயிலும் அஜ்மல் பீவியும் முன்வரிசையில். பாண்டியராஜன் பரிமாறுகிறேன் என்று வாளியைத் தூக்கினார். உண்மையில் அவர் கண் மச்சானின் இலையிலேயே இருந்தது.

நல்லகாமன் முதல் வாய் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னார். மூன்றாம் தடவை இலையில் சோற்றைக் கரை கட்டிக் காத்திருந்தபோது, பக்கத்திலிருந்த சம்பந்தி, "மொச்சை எங்க வாங்குனீக? வெண்ணெயா இருக்கு" என்று கேட்டார்.

"வாங்குறதா?" நல்லகாமன் சம்பந்திக்கும் அடுத்த வரிசைக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொன்னார். "மாப்ள தோட்டத்து மொச்சை. மதுர டவுனுக்குள்ள வெளஞ்சது. ஏ மாப்ள, நிக்கிறீகளே, ஊத்துங்க!"

ஊற்றினார். வாளியின் அடி தெரிந்தது. அண்டாவுக்குப் போனால் அங்கே விருமாண்டி கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "இம்புட்டுத்தாண்ணே. ரெண்டாம் பந்திக்கு ரசம்தான்."

ரெண்டாம் பந்தியில் பாண்டியராஜன் உட்கார்ந்தார். இலையில் வெறும் ரசம் சோறு, அப்பளம். பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா பரிமாறுகிறவரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "அதென்ன குழம்பு இல்லங்கிறீக? மொத பந்தியில மட்டுந்தான் மனுசங்க உக்காந்தாகளா? பிதுக்கம்பருப்பு எங்க?"

"என்னங்க, ஒங்களுக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சிருக்கலாம்" என்று தாமரைச்செல்வி பக்கத்தில் குனிந்து வருத்தப்பட்டாள்.

"சும்மா இரு" என்றார் அவர். பின்வரிசைச் சண்டை வலுத்துக்கொண்டே போனது. ஒரு வார்த்தையும் விட்டுவிடாமல் கேட்டபடி, ரசத்தை இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்.