வெள்ளைத்தாளில் புகை

மார்கரெட் பழவேற்காட்டில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். மிஷன் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பிய டாக்டர், தன்னுடைய 1956 மோரிஸ் மைனரை அவள் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். பதினெட்டு வருஷமாக அவளே ஓட்டுகிறாள். பக்கத்து மீனவக் குப்பமான கோட்டைக்குப்பத்தில் வலி கண்டவர்களில் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களை அந்தக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவள் வழக்கம்.

1989-இல் புதுச் சட்டம் வந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய கார்களைப் பரிசோதனைக்குக் காட்டித் திரும்பப் பதிய வேண்டும், புகையும் பார்ப்பார்கள் என்றார்கள். படகு மோட்டார்களுக்கு வேலை செய்யும் சம்சுதீன் இரண்டு நாள் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்.

"போங்க சிஸ்டர். தாய்ப்பால் மாதிரி ஓடுது வண்டி. ஒரு பொட்டு புகை வராது," என்றார்.

மீஞ்சூர் தாண்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவள் தனியாகத்தான் போனாள். வாசலிலேயே புரோக்கர் திருவேங்கடம் மறித்தான்.

"நேரா வந்துட்டீங்களா? நம்ம மூலமா வந்தா சுளுவா முடியும்மா. இந்தக் காலத்துல இத வச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க? மெட்ராஸ்ல ஒரு பார்ட்டி இந்த மாதிரி பழைய வண்டிங்கள சேக்குறாரு. குடுத்துடுங்க."

"வண்டி விக்க வரல. பதிய வந்தேன்."

அவன் சிரித்துக்கொண்டே விலகினான். ஆனால் பரிசோதனை மேடைக்கு வண்டியை ஏற்றியது அவன்தான். சொந்தக்காரர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். புகை பார்க்கும் கருவி இன்னும் வரவில்லை. புகைபோக்கியின் வாயில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தார்கள். அரை நிமிஷத்தில் தாள் கருத்தது. இன்ஸ்பெக்டர் அதை அவள் முகத்துக்கு நேரே ஆட்டிக்காட்டினார்.

"ஊரையே நாசம் பண்ணிடும்மா உன் வண்டி. ரோட்டுல எடுக்காத."

அவர் இதைச் சொல்லும்போது வாசலில் ஒரு அரசு பஸ் கரும்புகை கக்கிக்கொண்டு போனது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திரும்பும் வழியெல்லாம் வண்டி இருமியது. மீஞ்சூர் ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் மார்கரெட் பார்த்தாள்: சோக் குமிழ் முழுசாக வெளியே இழுத்துப் பூட்டியிருந்தது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப மட்டும் இழுப்பது அது. சூடான எஞ்சினில் இழுத்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் இறங்கிப் புகையாகத்தான் வரும். ஆபீசுக்குப் போனபின் அவள் அதைத் தொடவேயில்லை; மேடைக்கு ஓட்டியவன் திருவேங்கடம். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆபீசுக்கே போனாள். இன்ஸ்பெக்டர் கிளம்பிவிட்டார். எழுதினது எழுதினதுதான், அடுத்த தேதி பத்து நாள் கழித்து என்றார் கிளார்க்.

ஆறாம் நாள் கோட்டைக்குப்பத்துக் கஸ்தூரிக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. வண்டியை எடுக்கலாமா என்று மார்கரெட் யோசித்தாள். வழியில் போலீஸ் மறித்தால் வண்டியே போய்விடும். அதன்பின் யாருக்குமே உதவாது. மீன் ஏற்றிய லாரி ஒன்றைக் கெஞ்சி நிறுத்தினாள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் சாக்கை விரித்துக் கஸ்தூரியைக் கிடத்தினார்கள். திருப்பாலைவனம் தாண்டும்போது உதிரம் நிற்காமல் போயிற்று. பொன்னேரியில் தாயைப் பிழைக்கவைத்தார்கள். பெண்குழந்தை பிழைக்கவில்லை.

கஸ்தூரி கண்விழித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்க வண்டி எங்கக்கா?"

மார்கரெட்டுக்கு அன்று அழுகை வரவில்லை. வண்டியை எடுத்திருக்க வேண்டும் என்று தன்மேலேயே வந்த கோபமும், அந்தக் குமிழை இழுத்த விரல்கள்மேல் வந்த கோபமும் சேர்ந்து அவளை விடவில்லை.

பத்தாம் நாள் சம்சுதீனையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் சம்சுதீன் இறங்கிக்கொண்டார். திருவேங்கடம் சாவிக்குக் கை நீட்டினான். அவள் இறங்கவில்லை.

"ரூல்ஸ்மா. நீங்க எறங்கணும்."

"எந்த ரூல்ஸுனு எழுதிக் குடு. எறங்குறேன்."

பின்னால் லாரிகள் வரிசைகட்டி ஹார்ன் அடித்தன. திருவேங்கடம் முன்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி மேடையேறியது. இன்ஸ்பெக்டர் தாளோடு பின்னால் போனதும், அவன் கை மெல்ல டாஷ்போர்டுக்குப் போய்க் குமிழைப் பிடித்தது. மார்கரெட் அந்த மணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள். பிறக்க மறுத்த பிள்ளைகளை இழுத்துப் பழகிய கை அது.

"சார், இங்க வாங்க," என்று கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. "இவன் கை எங்க இருக்குனு பாருங்க. எல்லாரும் வந்து பாருங்க."

லாரி டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். சம்சுதீன் ஜன்னலில் குனிந்து, சோக் என்றால் என்ன, சூடான எஞ்சினில் அதை இழுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். திருவேங்கடத்தால் கையை உருவ முடியவில்லை. இன்ஸ்பெக்டர் அவனைப் பார்க்காமல் தாளைப் பிடித்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. தாள் வெள்ளையாகவே இருந்தது.

ஆர்.சி. புக்கில் கையெழுத்து விழுந்தது. இன்னும் ஐந்து வருஷம்.

"கெடச்சிருச்சில்ல. வாங்க போவலாம் சிஸ்டர்," என்றார் சம்சுதீன்.

அவள் கிளார்க்கிடம் இரண்டு தாளும் நடுவில் வைக்கக் கார்பனும் கேட்டு வாங்கி, நின்றபடியே புகார் எழுதினாள். சோக், திருவேங்கடம், மெட்ராஸ் பார்ட்டி, வெளியே நிற்கச் சொன்ன இன்ஸ்பெக்டர், லாரியில் போன கஸ்தூரி, செத்த குழந்தை. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வேலதான் ஆயிடுச்சேமா. இது எதுக்கு?"

"என் வேல ஆயிடுச்சி. அவளுக்குக் கொழந்த இல்ல," என்றாள். "நகல்ல சீல் குத்திக் குடுங்க. அதுவரைக்கும் வண்டி மேடையிலதான் நிக்கும்."

சீல் குத்திக் கொடுத்தார்கள்.

நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. வெளியாட்கள் பரிசோதனை மேடைக்கு வரத் தடை விதிக்கப்பட்டிருக்கிறதாம். இன்ஸ்பெக்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மார்கரெட் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு பேனாவைத் திறந்து மேலதிகாரிக்கு அடுத்த கடிதத்தை எழுத ஆரம்பித்தாள்.