எதிர்க்கடைக்காரர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. நிர்வாகவியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் போன் செய்தார். "முதல் பாடத்துக்கு ஒரு கதை வேணும் சார். வணிக உத்தி எங்கேயிருந்து வந்துச்சு, அதோட அடிப்படை என்ன, அவ்வளவுதான். பசங்க தூங்காம இருந்தா போதும்." சரி என்றுவிட்டேன். பேச ஆளில்லாத வீட்டில் இருப்பவனுக்கு யார் போன் செய்தாலும் 'சரி' என்றுதான் வாயில் வருகிறது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஸ்ட்ராட்டஜி என்ற சொல்லின் வேர், பழைய கிரேக்கத்தில் படைத்தலைவனைக் குறிக்கும். வியாபாரிகள் அதைப் படைக்காரர்களிடமிருந்து இரவல் வாங்கினார்கள். குன்றின்மேல் நின்று எதிரிப் படையை நோக்கும் தலைவனைப் போல, ஒரு நிறுவனமும்—'

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அடித்தேன்.

இரண்டாவது தொடக்கம்: 'மெத்தைக்காரர் காலையில் தன் கடையைத் திறப்பதற்கு முன்னால் எதிர்க்கடையைத்தான் பார்ப்பார்.'

இது பரவாயில்லை. படை இல்லை, எதிரி மட்டும் இருக்கிறான்.

2

ஒரே தெரு. இந்தப் பக்கம் ஒரு மெத்தைக் கடை, அந்தப் பக்கம் ஒரு மெத்தைக் கடை. இரண்டு வாசலிலும் ஆளுக்கொரு கரும்பலகை, அதில் இரட்டை மெத்தையின் விலை. எதிர்க்கடைக்காரர் காலையில் ஒரு விலை எழுதுவார். மெத்தைக்காரர் அதற்குக் கொஞ்சம் கீழே எழுதுவார். மதியம் அவர் அழித்துவிட்டு இன்னும் குறைப்பார். சாயங்காலம் இவர். விவரம் தெரிந்தவர்கள் இருட்டுகிற நேரத்துக்குத்தான் மெத்தை வாங்க வருவார்கள்.

இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. (ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கடன் தகராறு என்று எழுதிப் பார்த்தேன். பெண் விவகாரம் என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் பொய்யாக இருந்தது. போட்டிக்காரர்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாதானம் ஆகியிருக்கலாம்.)

3

பாடம் நடத்த ஒருத்தி வேண்டுமே? மெத்தைக்காரரின் தங்கை மகளை வரவழைத்தேன். நிர்வாகம் படித்தவள். கம்பெனிகளுக்கு யோசனை சொல்வது வேலை. மாமாவுக்கு இலவசம்.

"மாமா, உங்க கஸ்டமர் யாரு?"

"வர்றவங்கதான்."

"அய்யோ மாமா! புதுசா கல்யாணம் ஆனவங்களா, முதுகுவலிக்காரங்களா, ஹாஸ்டல்காரங்களா?"

மெத்தைக்காரர் மேஜைத் தூசியைத் தட்டினார்.

"சரி விடுங்க. போட்டி யாரு?"

"அவனா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "மதியம் சாப்பிட்டதும் அப்படியே கண்ணயர்ந்துடுவான். ஆள் வந்தா செருமிக்கிட்டே எழுந்திருப்பான். போன வருஷம் வெல்வெட் உறையா வாங்கிப் போட்டு மாட்டிக்கிட்டான், வெயில் காலத்துல எவன் வெல்வெட்ல படுப்பான்? பொண்ணு வெளியூர்ல. அவ போன் பண்ணினா வெளிய வந்து நடந்துக்கிட்டே பேசுவான். இப்பல்லாம் போனோட வெளிய வர்றதே இல்ல. வேலைக்காரனையும் நிறுத்திட்டான்."

அவள் பேனாவை மூடிவைத்தாள். "நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல மாமா."

(பேராசிரியர் கவனத்துக்கு: அடிப்படை ஒன்று இங்கே வந்துவிட்டது. எதிராளியை மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் வாங்க வருபவனைப் பார்க்கத் தவறுகிறான்.)

அவள் அடுத்ததைச் சொன்னாள். "வழி மூணுதான் மாமா. எல்லாரையும்விட மலிவா விக்கலாம். இல்ல, வேற யாரும் தராததைத் தரலாம். இல்ல, ஒரு சின்னக் கூட்டத்தைப் பிடிச்சு அவங்களை மட்டும் நல்லா கவனிக்கலாம். ஒண்ணை எடுத்தா மத்ததை விடணும். எதை விடறோம்கிறதுதான் உத்தியே. உங்களுக்கு மலிவுதான். வாடகை கிடையாது, சொந்தக் கடை. இன்னும் ரெண்டு மாசம் விலையை அழுத்திப் பிடிங்க. அவரால தாங்க முடியாது, மூடிடுவாரு. அப்புறம் இந்தத் தெருவே உங்களுது."

மெத்தைக்காரர் தெருவைப் பார்த்தார்.

"அவன் மூடாம இருக்கறதுக்கு ஏதாவது வழி இருக்கா, உன் படிப்புல?"

"என்ன மாமா, ஜோக்கா?"

"இல்லம்மா, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. மனைவி இறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கடை மாடியில் இருக்கும் வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது, துக்கத்துக்காக எதிர்க்கடை ஷட்டரும் இறங்கியிருப்பதைப் பார்த்தார். அந்த நிலையிலும், 'அய்யோ, அவனுக்கு இன்னிக்கு வியாபாரம் போச்சே' என்று தோன்றியது. அதற்குப் பிறகு காலையில் கண் விழித்தால் எழுந்திருக்க அவருக்கு இருந்த ஒரே காரணம் அந்தப் பலகை. அவன் இன்றைக்கு என்ன எழுதியிருப்பான்?*

* 'இது பாடத்துக்குச் சம்பந்தமில்லை' என்றார் பேராசிரியர். எடுத்தேன். திரும்ப வைத்தேன். எடுத்தேன். இப்போது இருக்கிறது.

4

மறுநாள் மெத்தைக்காரர் விலையை ஏற்றி எழுதினார். கொஞ்சநஞ்சமில்லை. தெருவில் எவனும் தன் கடைப் படியேறக் கூடாது என்கிற அளவுக்கு.

இனி முடிவுகள்.

அ) எதிர்க்கடைக்காரரும் ஏற்றுகிறார். இரண்டு கடையும் பிழைக்கிறது. பேராசிரியருக்கு இது பிடிக்கும், பரீட்சையில் கேட்கலாம்.

ஆ) எதிர்க்கடைக்காரர் ஏற்றவில்லை. கூட்டமெல்லாம் அங்கே போகிறது. மெத்தைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டு அதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு

இல்லை, யாரும் அவ்வளவு நல்லவர் இல்லை. அடித்துவிட்டேன்.

இ) எதிர்க்கடைக்காரர் வெளியே வந்தார். பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தன் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. தெருவைக் கடந்து, இந்த வாசலில் வந்து நின்றார்.

"என்னய்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

5

இதற்கு மேல் எழுத வரவில்லை. பேராசிரியர் போன் செய்து, "அவர் என்ன பதில் சொன்னார் சார்?" என்கிறார்.

'அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்று மெத்தைக்காரர் சொல்லலாம். அப்படிச் சொல்லத்தான் அவருக்குத் தெரியும். எதிர்க்கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போவார். பலகையில் பழைய விலை திரும்பும், அவர் கடை இரண்டு மாதத்தில் மூடும்.

'நீயும் போயிட்டா எனக்குன்னு யாருமில்லய்யா' என்றும் சொல்லலாம். எழுதிப் பார்த்தேன். அந்த வயது மனிதர் வாயில் அது ஒட்டவில்லை. என் வாயிலும் ஒட்டாது. இந்த அறையில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியிருக்கிறேன், அந்த ஒரு வரியை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இப்போது இந்த அறையில் இன்னொருவர் இருந்திருப்பார்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனிதரை வெயிலில் நிற்க வைத்திருக்கிறோம். ஏதாவது சொல்லுங்கள்.