மேல்வீட்டு மணி

கப்பல்காரனைக் கட்டிக்கொண்டால் வீட்டில் ஒரு கயிறுகூடச் சும்மா தொங்க முடியாது. திரைச்சீலைக் கயிறு, இஸ்திரிப்பெட்டி ஒயர், என் ஜெபமாலை, எல்லாவற்றையும் சுருட்டி முடிச்சுப் போட்டுவிடுவார் என் புருஷன் லாசர். "தொங்குறது எல்லாம் ஒரு நாள் கடலுக்குப் போயிடும் ரோசாலி" என்பார். பாரிசில், லா சப்பலில், மூன்றாம் மாடிக்கு எங்கேயிருந்து கடல் வரும் என்று கேட்டால் முறைப்பார்.

புதுச்சேரியிலிருந்து பத்தொன்பது வயதில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தவர். பதினைந்து வருடம் கப்பலில் தொலைபேசிகளைப் பழுதுபார்த்தார். பிறகு பாரிசில் தொலைபேசி இலாகாவில் இருபத்தைந்து வருடம். இந்த வட்டாரத்தில் அவர் ஏறாத படி இல்லை, இறங்காத நிலவறை இல்லை. எங்கள் மூத்தவன் லூசியன் தூலோன் துறைமுகத்தில் பிறந்தபோது இவர் நடுக்கடலில் இருந்தார். பிள்ளை பிறந்த சேதி பதினெட்டு நாள் கழித்துத்தான் அவருக்குக் கிடைத்தது. நாலு பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அந்தப் பதினெட்டு நாளை அவர் மன்னிக்கவில்லை.

இது 2009 ஜூலையில் நடந்தது. எங்களுக்கு நேர் மேலே, நாலாம் மாடியில், துஷாந்தி என்று இலங்கை வன்னியிலிருந்து வந்த ஒரு பெண் எட்டு வயது மகள் லக்சிகாவோடு இருந்தாள். புருஷன் தவசீலன் தாயைத் தனியே விட மனமில்லாமல் ஊரிலேயே நின்றுவிட்டான். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மே மாதம் போர் முடிந்தது. ஜூன் கடைசியில் பாரிசுக்குப் பக்கத்துத் திரான்சியிலிருந்து ஒருவர் வந்து, அவன் முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், யாராவது கைபேசி கொடுத்தால் வருகிற வாரம் பேசுவானாம் என்றார். அவளுடைய கைபேசி எண் எழுதிய தாளை அவன் ஓட்டத்தில் தொலைத்துவிட்டானாம். மனப்பாடமாக இருந்தது வீட்டுத் தொலைபேசி எண் ஒன்றுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தொலைபேசிதான் சாமி. துஷாந்தி வேலைக்கு லீவு போட்டாள். அவன் கூப்பிடும் நேரத்தில் லைன் பிசியாக இருந்துவிடக் கூடாதென்று யாரையும் தொலைபேசியைத் தொட விடவில்லை. மணி அடித்தால் அவள் எடுப்பாள். மற்றபடி தூசு தட்டக்கூட அதைத் தூக்கவில்லை. "தொட்டால் கை முறிப்பன்" என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு மேலே போனோம். கண் குழி விழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஓல்னேயில இருந்து சித்தி வந்து போனவ" என்றாள். "இனிக் காத்திருக்காதை, ஞாயிற்றுக்கிழமை ஐயரிட்டைப் போவம், அந்தியேட்டிக்கு நாள் பாக்கவேணும் எண்டு சொல்லுறா. நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்தியேட்டி என்றால் செத்தவர்களுக்குச் செய்கிற கிரியை. அடிப்பாவி, இருக்கிறவனுக்கா!

"ஒரு வாரம்கூட ஆவலியேம்மா" என்றார் லாசர்.

"அஞ்சு நாளா ஒரு மணி அடிக்கேல்லை, அங்கிள்."

"ஒண்ணுகூடவா? சாமான் விக்கிறவன்கூடக் கூப்பிடலியா?"

"ஒருத்தரும் இல்லை."

அவர் முகம் மாறியது. எங்கள் வீட்டுக்கே ஒரு நாளைக்கு மூன்று பேர் ஜன்னல் விற்கக் கூப்பிடுவார்கள். "ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டுமா?" என்று கை நீட்டினார்.

"தொடாதேங்கோ!" என்று அவள் பாய்ந்து குறுக்கே நின்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே எங்கள் வீட்டுக்கு வந்து அவள் எண்ணை அழுத்தினேன். என் காதில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, ஆறு. அவள் வீட்டு மணி அடித்தால் எங்கள் கூரை வழியாக நன்றாகக் கேட்கும். அன்று கூரை கல்லாகக் கிடந்தது.

மேலே மணி அடிக்காததைப் பார்த்த லாசர் நேரே நிலவறைக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். கட்டடத்துத் தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் அங்கே ஒரு பெட்டிக்கு வந்து சேருகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி அலங்கோலமாக இருக்கிறது என்று, யாரும் கேட்காமல், மெழுகு நூலால் அழகழகாக முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்துவிட்டு வந்தவர் இவரேதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! இழுத்துக் கட்டிய இழுப்பில் பழைய கம்பி ஒன்று திருகாணியிலிருந்து நழுவியிருந்தது. பக்கத்தில் 'நாலு, இடது' என்று எழுதியிருந்தது. அது துஷாந்தியின் வீடு.

இரண்டு நிமிடத்தில் மாட்டிவிட்டார். பிறகு படியில் உட்கார்ந்தார். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொன்ன மனுஷன், இரண்டு கன்னத்திலும் கை வைத்து உட்கார்ந்தார்.

"சரியாயிடுச்சில்ல, பேசாம இருங்க" என்றேன். "யாருக்குத் தெரியப்போகுது?" உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண் இவரைத் திட்டுவதை என்னால் தாங்க முடியாது.

"சொல்லலேன்னா ஞாயித்துக்கிழமை ஐயர்கிட்ட போயிடுவா, ரோசாலி. அவன் கூப்பிடவே இல்லன்னு நெனச்சிட்டிருக்கா."

மேலே போய், மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நின்று, எல்லாவற்றையும் சொன்னார்.

துஷாந்தி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு வெடித்தாள். "ஏன் அங்கிள் உங்களுக்கு உந்த வேலை? ஆர் கேட்டது உங்களை? அஞ்சு நாள்! அந்த மனுசன் ஆரிட்டைக் கெஞ்சிப் போன் வாங்கினாரோ!" சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளினாள். ரசம் என் சேலையில் தெறித்தது.

"திட்டும்மா. ஆனா இதையும் கேட்டுக்க" என்றார். "கம்பி கழண்டா இந்தப் பக்கம்தான் ஊமை. கூப்பிடுறவனுக்கு மணி அடிச்சிக்கிட்டேதான் இருக்கும். இப்ப ரோசாலிக்கு அடிச்சுதில்ல? நம்பர் செத்துப்போச்சுன்னு அவன் நெனைக்கமாட்டான். வீட்ல ஆள் இல்லன்னுதான் நெனைப்பான். திரும்ப அடிப்பான்."

"அடிக்காட்டி?"

"அடிக்கிற வரைக்கும் நான் அந்தப் பெட்டிய விட்டு நகரமாட்டேன்."

அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

சொன்னபடி செய்தார். மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனார். இலாகாவில் வைத்திருந்த சோதனைத் தொலைபேசியின் இரண்டு கவ்விகளை அவள் கம்பியில் மாட்டி மடியில் வைத்துக்கொண்டார். அறுபத்தாறு வயது, முட்டி வலி, எலி வேறு. "மேல வாங்க, பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன். "கழண்டதை மாட்டிட்டேன். திரும்பக் கழலாதுன்னு எந்தச் சாமி சத்தியம் பண்ணுச்சு?" என்றார். சாயங்காலம் வரை இருந்தார். சனிக்கிழமை காலையில் காப்பியைக் குடித்த கையோடு மறுபடி இறங்கினார்.

பதினொரு மணி இருக்கும். துஷாந்தி பால் வாங்கக் கீழே கடைக்குப் போனதை ஜன்னலில் பார்த்தேன். உள்ளே திரும்பியதும் கூரையில் மணி அடித்தது.

ஒன்று. இரண்டு. பிள்ளை மட்டும்தான் மேலே. நான் படியில் ஏறினேன். என் வாழ்நாளில் அப்படி ஏறியதில்லை. லக்சிகா கதவைத் திறந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"அம்மா தொடவேண்டாம் எண்டவ" என்றாள், அழுதுகொண்டு.

மணி நின்றது. எனக்கு உயிரே நின்றுவிட்டது. ஐயோ, வைத்துவிட்டானே என்று தொலைபேசியைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். உள்ளே என் புருஷனின் குரல் கேட்டது. நிலவறையிலிருந்து அவர் எடுத்துவிட்டார்.

"வெச்சிடாத தம்பி! தவசீலன்தானே? வெச்சிடாத. நான் கீழ்வீட்டு லாசர். அஞ்சு நாளா யாரும் எடுக்காதது என் தப்பு. கம்பிய நான் கழட்டிட்டேன். அவ தப்பு இல்ல. கேக்குதா, அவ தப்பு இல்ல."

காற்றுச் சத்தம். பிறகு ஒரு மெல்லிய குரல்.

"ஓம் ஐயா. மூண்டு தரம் அடிச்சனான். மூண்டு தரமும் மணி போனது. மணி போகுது எண்டால் வீடு இருக்குது, அவையள் இருக்கினம் எண்டுதான் திரும்பவும் அடிச்சனான்."

 தொலைபேசியைப் பிள்ளையின் காதில் வைத்து, "பேசுடி, உங்கப்பா" என்றேன். ஜன்னலைத் திறந்து, "துஷாந்தீ!" என்று போட்ட சத்தத்தில் தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பால் பெட்டி நடைபாதையில் விழுந்தது.

நாலு மாடியும் ஓடிவந்தவள் தொலைபேசியை வாங்கினாள். அழவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

"முதல் என்ர கைபேசி நம்பரை எழுதுங்கோ" என்றாள். "தாள் இல்லாட்டி கையில எழுதுங்கோ. திருப்பிச் சொல்லுங்கோ. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இரண்டு முறை சொல்லவைத்தாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து, "என்ர ராசா" என்று அழ ஆரம்பித்தாள்.

நான் நிலவறைக்கு இறங்கினேன். லாசர் கவ்விகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெட்டியில் தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார்.