தாழ்ப்பாள் இல்லாத அறை

"கதவத் திற. உள்ள யாரு?"

மாமியார் கதவைத் தட்டவில்லை, தள்ளினார். அறைக்குள் இருந்த மருமகள் பதில் சொல்லவில்லை. தேர்வு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மடிக்கணினித் திரையில் பதினேழாவது கேள்வி இருந்தது. மேலே இருந்த கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இரும்பு நாற்காலி ஒன்றைச் சாய்த்து முட்டுக்கொடுத்திருந்தாள்.

இரண்டாவது தள்ளலில் நாற்காலி கிறீச்சிட்டு நகர்ந்தது. மூன்றாவதில் கதவு திறந்துகொண்டது. உள்ளே வந்த மாமியார் மருமகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு பழைய பெட்டியும் கொஞ்சம் தூசியும் இருந்தன. அதற்குள் திரையில் கேள்வி மறைந்து சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்துவிட்டது: ‘அறையில் சந்தேகத்துக்கு இடமான ஆள் நடமாட்டம். தேர்வு நிறுத்தப்பட்டது.’

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவில். ரசீதுகளில் பொய் தேடுவதுதான் தொழில். அலுவலகத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர், ஒரு சின்னக் கல்கூட அவளைத் தாண்டிக் கீழே விழாது. சந்தேகப்படுவதற்கு அங்கே அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் மற்றவர்கள் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்தார்கள்.

பிரிவின் தலைவர் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அடுத்த இடத்துக்கு நிதித்துறையில் முதுநிலைப் படிப்பு வேண்டும், குறைந்தபட்சம் சேர்ந்ததற்கான கடிதமாவது வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் ஏற்கெனவே அந்தக் கடிதத்தை வாங்கிப் பையில் வைத்திருந்தார். அவருக்கு வீட்டில் என்ன சிரமம் என்று யாரும் கேட்கவில்லை, இருந்திருந்தால்தானே கேட்பதற்கு.

ஏழு மாதம் தேடினாள். இருபத்துமூன்று ஆன்லைன் படிப்புகளைப் பட்டியல் போட்டாள். ‘உங்கள் வசதிப்படி படிக்கலாம்’ என்று எல்லா விளம்பரமும் சொன்னது. வசதி என்ற சொல்லைக் கண்டாலே சல்லடைக்கு மூக்கு வேர்க்கும். பொடி எழுத்தைப் படித்தாள். ஒன்றில் நேரடி வகுப்பு மாலை ஆறு மணிக்கு, அது அடுப்படி நேரம். இன்னொன்றில் வருடத்துக்கு இரண்டு வாரம் வெளியூரில் தங்க வேண்டும். அதை இந்த வீட்டில் சொல்வதற்குப் படிப்பையே விட்டுவிடலாம். வேறொன்றின் ஆலோசகர், "இன்னிக்கே சேர்ந்துடுங்க மேடம், நாளைக்கு இடம் இருக்காது" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அவரை அடித்துவிட்டாள், பட்டியலிலிருந்துதான்.

கடைசியில் ஒன்று தேறியது. பாடங்கள் பதிவாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு பருவம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். அங்கே படித்து முடித்த இரண்டு பெண்களிடம் பேசி உறுதிப்படுத்திக்கொண்டாள். ஒரே ஒரு நுழைவுத் தேர்வு, வீட்டிலிருந்தே எழுதலாம். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவு தாழிட்டிருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த ஒரு வரியைத்தான் அவள் லேசாக எடுத்துக்கொண்டாள்.

கடைக்குப் போயிருந்த கணவர் திரும்பி வந்ததும் கூடத்தில் விசாரணை தொடங்கியது.

"என் காதால கேட்டேன்டா," என்றார் மாமியார். "ஒரு ஆம்பளக் குரல். ‘கட்டிலைக் காட்டுங்க’ங்கறான். ‘முடியை ஒதுக்கிக் காதைக் காட்டுங்க’ங்கறான். இவளும் ‘சரிங்க சார், போதுமா சார்’ங்கறா. அப்புறம் அரைமணி நேரம் சத்தமே இல்ல."

அவரைப் பேச்சைவிடச் சத்தமில்லாததுதான் அதிகம் கலவரப்படுத்தியிருந்தது.

"யார் அந்த ஆளு?" என்றார் கணவர்.

"தேர்வுக் கண்காணிப்பாளர். புதன்கிழமை உங்ககிட்ட சொன்னேனே. ஷேவ் பண்ணிக்கிட்டே ‘ம்’னீங்க."

"கட்டிலை எதுக்கு அவர் பார்க்கணும்?"

"அடியில யாராவது ஒளிஞ்சிருக்காங்களான்னு."

"அதைத்தானே நானும் பார்த்தேன்," என்றார் மாமியார்.

சிரிக்க வேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை. கதவு சாத்தியிருந்ததால் வீட்டுக்குச் சந்தேகம், கதவு திறந்ததால் கல்லூரிக்குச் சந்தேகம். நடுவில் அவள் பதினாறு கேள்விக்குச் சரியாக விடை எழுதியிருந்தாள். அதைப் பற்றிக் கேட்க அங்கே ஆளில்லை.

கணவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். அவர் அவள் போனை வாங்கி, யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மெதுவாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு, "நான் சந்தேகப்படல. அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பார்க்கறேன்," என்று திருப்பிக் கொடுத்தார். அவள் கை கூசியது. எத்தனையோ பேருடைய ரசீதை அவள் அப்படிப் புரட்டியிருக்கிறாள். அவர்களிடம் ‘நான் சந்தேகப்படல’ என்று ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

கல்லூரி விளக்கம் கேட்டது. ‘அறைக்குள் வந்தவர் என் மாமியார். அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை’ என்று இரண்டே வரியில் எழுதினாள். எழுதும்போது, பிடிபட்டவன் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்போல இருந்தது. இரண்டு நாளில் பதில் வந்தது: வரும் ஞாயிறு பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்பு. தாழிட்ட அறை கட்டாயம். தவறினால் அடுத்த வருடம்தான்.

"உன் வசதிக்குத்தானே தேடித் தேடி இதைப் பிடிச்ச? அப்புறம் பூட்டு, தாழ்ப்பாள்னு எதுக்கு?" என்றார் கணவர். "வேணும்னா நான் உள்ள உட்கார்ந்துக்கறேன்."

"வேற யாரும் இருக்கக் கூடாதுங்க."

"புருஷன் எப்படிம்மா வேற யாராவான்?" என்றார் மாமியார்.

"இல்லேன்னா ஆபீஸ்ல போய் எழுது," என்றார் கணவர்.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல என்ன வேலைன்னு கேட்பாங்க," என்று கணவர் பக்கம் திரும்பிச் சொன்னார் மாமியார். தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் அந்தக் கதவின் முன்னால் நின்று, ஒரு ரசீதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். கைப்பிடிக்கு மேலே பெயின்ட் ஒரு விரல் நீளத்துக்கு மேடும் பள்ளமுமாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். ஒரு ஓட்டை. அதன் கீழே இன்னொன்று. மொத்தம் நாலு ஓட்டை, நிலையிலும் ஒரு குழி.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் கணவர் தபால் வழியில் எம்.பி.ஏ. படித்தது இந்த அறையில்தான். அவருக்காகத்தான் இங்கே தாழ்ப்பாள் போட்டார்கள். அவர் தாழிட்டுக்கொண்டால் வீடே குரலைத் தாழ்த்தியது. டிவியை மாமியார் துணி போட்டு மூடினார். அவள் வேலையிலிருந்து வந்து, கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, டீயைக் கதவோரம் வைத்து ஒரே ஒரு விரலால் தட்டிவிட்டு வருவாள். உள்ளே யார், எதற்கு இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்டதில்லை. அவர் தேறினார், வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். ‘இனிமே இங்க யாரு படிக்கப் போறா’ என்று மாமியார்தான் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார்.

மாமியார் ஒரு ஆணியைக்கூட எறியாதவர். அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில், உடைந்த கைப்பிடிகளுக்கும் சாவிகளுக்கும் நடுவில் அது கிடந்தது. அவள் அதைத் துடைத்து, நாலு ஸ்க்ரூவைப் பொறுக்கி எடுத்து, ஸ்க்ரூ டிரைவரோடு வந்து கதவடியில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு இருவரும் வந்தார்கள்.

"என்ன பண்ற நீ?" என்றார் கணவர். "பெரியவங்க இருக்கற வீட்டுல மருமக தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"அந்த நாலு பேரை நான் பார்த்ததில்லீங்க. நாலு ஓட்டை இருக்கு, பாருங்க. உங்களுக்காகப் போட்டது."

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அவன் படிச்சது குடும்பத்துக்காக," என்றார் மாமியார்.

"ஆமாங்க அத்தை. அப்ப டீ வச்சவளும் குடும்பம்தான்."

ஸ்க்ரூக்கள் தடங்கலில்லாமல் ஏறின. பன்னிரண்டு வருடம் பெயின்டுக்கு அடியில் கிடந்தும் ஓட்டைகள் அளவு மாறவில்லை. கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, போன் வந்ததுபோலப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாமியார் மட்டும் அங்கேயே நின்றார். கடைசி ஸ்க்ரூ ஏறும்வரை நின்றுவிட்டு, "எனக்கு இந்த வீட்டுல சாத்தின கதவுன்னா அது குளியலறை மட்டுந்தான். நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார். அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குத் தாழ்ப்பாளைப் போட்டாள். திரையில் அதே கண்காணிப்பாளரின் குரல் வந்தது. கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் மெதுவாக வந்து நின்றதும் அவளுக்குக் கேட்டது.

"அறையைச் சுத்திக் காட்டுங்க மேடம். கட்டிலுக்கு அடியில. சரி. கதவு?"

மடிக்கணினியைத் தூக்கிக் கதவைக் காட்டினாள்.

"உள்பக்கம் தாழ் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"வெளியிலேருந்து யாராவது திறக்க முடியுமா?"

அவள் கதவைப் பார்த்தாள். கூடம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"முடியாது சார்."

வெளியே செருப்புச் சத்தம் நகரவில்லை. அவள் உட்கார்ந்து முதல் கேள்வியைப் படித்தாள்.