சுவரில் இருந்த வசனம்

சாராளுக்கு ஊசியைவிட மறுநாள் காலை மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள்தான் பயம். எம்.எஸ். என்கிற நரம்பு நோய்க்கு வாரம் ஒரு ஊசி. சனிக்கிழமை சாயங்காலம் போட்டால் இரவெல்லாம் குளிர்நடுக்கம். விடிந்தால் அடித்துப் போட்டாற்போல் உடம்புவலி. பிசியோதெரபிஸ்ட் ஜேசன் படுக்க விடமாட்டார். "படுத்தே இருந்தா இன்னும் பிடிச்சுக்கும் மேடம். லேசா சைக்கிள் மிதிங்க, ஊசியோட அசதி குறையும்" என்பார். குறையவும் செய்தது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் உடம்பு சூடேறினால் கண் மங்கியது. சூடு இறங்கினால் தானாகத் தெளியும் என்று அதையும் ஜேசன் சொல்லியிருந்தார். சொல்பவருக்கு என்ன, கண் அவருடையதா? முன்பு வகுப்பில் பாடம் நடத்தும்போது கரும்பலகை இப்படித்தான் மங்கியது. தெளிய மாதக்கணக்காயிற்று. நோய் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். மேடவாக்கம் வீட்டு ஹாலில், சைக்கிளுக்கு எதிரே, சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்டது, தொங்கியது. மிதித்து முடித்ததும் அந்த வசனத்தை வாசிப்பாள். வாசித்துவிட்டால் கண் தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்றும் மிதித்தாள். கீழே தண்ணீர் லாரி உறுமிக்கொண்டிருந்தது. சுவர் பாலாடை படர்ந்தது போலாயிற்று. இறங்கி, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வெள்ளையாய்த் தெரிந்ததைப் பார்த்து வசனத்தைச் சத்தமாக வாசித்தாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. "ஸ்தோத்திரம்" என்று மூச்சு விட்டாள்.

சமையலறையிலிருந்து மகள் ஜெனி எட்டிப் பார்த்தாள். "எதைம்மா படிக்கிற? அது தினக் காலண்டர். மாட்ட வேற ஆணி இல்லன்னு அப்பா நேத்து கார்டைக் கழட்டி பீரோ மேல வச்சிட்டாரு."

புத்தகத்தைப் பார்க்காமல் ஒப்பிக்காதே என்று சாராள் எத்தனை பிள்ளைகளைக் கண்டித்திருப்பாள். இத்தனை ஞாயிறும் வாசித்தது கண்ணா, மனப்பாடமா? தெளிந்தது என்று நம்பிய நாட்களில் கண் உண்மையிலேயே தெளிந்ததா?

"அப்பாவைக் கூப்பிடட்டுமாம்மா?"

"வேணாம். தாள் கிழிச்சாச்சா?"

"அப்பா எங்க கிழிச்சாரு? பழைய தேதிதான் நிக்குது. அதுல..."

"சொல்லாத ஜெனி. எந்தத் தேதின்னு சொல்லாத. நானே பாத்துப் படிக்கணும்."

லாரி போய்விட்டிருந்தது. சர்ச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக ஏதோ வளைந்தது. மூன்றாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். சாராள் மறுபடி நனைத்துத் தரச் சொல்லித் துண்டை ஜெனியிடம் நீட்டினாள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.