தூணோடு நிற்கச் சொன்னவள்

மிராசோல் கட்டடத்தின் எட்டாவது மாடியில் ஒப்துலியா சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. ஐம்பத்து மூன்று வயது, நோட்டரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அது சம்பளத்துக்குப் பார்த்த வேலை. அவளுக்கு அந்த மாடியில் மரியாதை வாங்கிக் கொடுத்தது ஆரஞ்சு நிற மேல்சட்டை. ஆபத்து என்று சங்கு ஊதினால் மாடிக்கு ஒருவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களை வழிநடத்த வேண்டும். மற்ற மாடிகளில் அதை ஏமாந்தவன் தலையில் கட்டிவிடுவார்கள். எட்டாவது மாடியில் அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காரணமில்லாமல் இல்லை. 2017 மெக்சிகோ நிலநடுக்கத்தின்போது அவள் வேறொரு கட்டடத்தில் வேலை பார்த்தாள். பக்கத்து மேஜைத் தோழி படிக்கட்டை நோக்கி ஓடினாள். ஒப்துலியா பயத்தில் கால் வராமல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். படிக்கட்டு இடிந்து விழுந்தது, தோழியும் அதோடு போனாள். தூண் நின்றது. அன்றைக்கு அவள் மனதில் ஒரு பாடம் ஏறியது, ஏறினது இறங்கவே இல்லை.

மெக்சிகோ நகரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. சங்கு ஊதினால் பூமி ஆடப்போகிறது. கீழ் மாடிக்காரர்கள் தெருவுக்கு இறங்க வேண்டும், மேல் மாடிக்காரர்கள் தூணோடு முதுகை ஒட்டிக்கொண்டு ஆட்டம் அடங்கும்வரை நிற்க வேண்டும். செப்டம்பர்தோறும் ஒத்திகை நடக்கும். எட்டாவது மாடியின் பன்னிரண்டு பேருக்கும் ஒப்துலியா தூண் ஒதுக்கியிருந்தாள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ஒதுக்குகிற மாதிரி. அதே மாடியிலிருந்த பல் மருத்துவமனைப் பெண்கள் அவளைத் தளபதியம்மா என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பதெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். சங்கு கேட்டால் பம்மிக்கொண்டு தூணுக்கு வந்துவிடுவார்கள்.

அடங்காத ஆள் ஒருவர் மட்டும் இருந்தார். நிக்காந்த்ரோ, அதே மாடியின் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். அறுபதை நெருங்குகிற, தொந்தியுள்ள, நல்ல மனிதர். தாழ்வாரத்தின் கடைசியிலிருந்த வரைபட அறையில் அநேகமாகத் தனியாகத்தான் இருப்பார். ஒத்திகைச் சங்கு ஊதினால் போதும், அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு எட்டு மாடியும் இறங்கி ஓடிவிடுவார். தலை எண்ணும்போது ஆள் குறையும். தேடிப் போனால் தெருமுனையில் தமாலே என்கிற சோளக் கொழுக்கட்டை விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் சூடான சோளக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே கூரை இருந்தால் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரே சாக்கைச் சொல்வார்.

இரண்டு வருஷம் அவர் மேல் கட்டட நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். மூன்றாவது செப்டம்பரில் பொறுமை போய்விட்டது. எல்லாரையும் தாழ்வாரத்தில் நிற்க வைத்து, அவர்களுக்கு முன்னால் அவரை உலுக்கி எடுத்தாள். உங்களைப் பார்த்து இன்னொருத்தி ஓடி, படியோடு போய்ச் சேர்ந்தால் அவள் பிள்ளைகளுக்கு நீங்களா சோறு போடுவீர்கள் என்று கேட்டாள். மனிதர் காது சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது புகாரும் போனது. இன்னொரு முறை இப்படி ஓடினால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவருடைய முதலாளி சொல்லிவிட்டார்.

மறுநாள் அவரே ஒப்துலியாவின் மேஜைக்கு வந்தார்.

"இனிமே ஓட மாட்டேன் மேடம். நீங்க சொல்ற தூண்லயே நிக்கிறேன்."

"நான் வந்து சொல்ற வரைக்கும் நகரக் கூடாது."

"பாத்ரூம் வந்தா?"

"அதுக்கும் நான்தான் வந்து சொல்லணும்."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒப்துலியாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஜனவரி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நல்ல குளிர். இரண்டாவது மாடியில் விருந்து அலங்காரச் சாமான் விற்கும் ஒரு கம்பெனி இருந்தது. காகிதப் பூவும் பஞ்சும் பலூனும் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு நடுவே மேஜைக்கடியில் ஒரு மின்சார ஹீட்டர், அது சொருகியிருந்தது தேய்ந்துபோன ஓர் ஒயரில். பற்றிக்கொள்ளாமல் என்ன செய்யும்.

அந்தக் கட்டடத்தில் சங்கு ஒன்றுதான். நிலநடுக்கத்துக்கும் அதுதான், தீக்கும் அதுதான். புகையைக் கண்டுபிடிக்கும் தீக்கருவி வாங்கியபோது கட்டட நிர்வாகி அர்செனியோ, இரண்டு சங்கு எதற்கு என்று பழைய சங்கிலேயே அதையும் இணைக்கச் சொல்லிவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தீ ஒத்திகை என்று அங்கே ஒருநாளும் நடந்ததில்லை. ஒப்துலியாவும் கேட்டதில்லை, இதை மறைப்பதில் புண்ணியமில்லை.

சங்கு ஊதியது. அவள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். எல்லாரும் தூண்களுக்குப் போனார்கள். ஓடாதே, கத்தாதே, தள்ளாதே என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஜனங்கள், ஒருத்தர்கூட ஓடவில்லை. வரைபட அறை வாசலில் எட்டிப் பார்த்தாள். நிக்காந்த்ரோ தன் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை இரண்டையும் அதில் பதித்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பரவாயில்லையே மனுஷன் என்று நினைத்தபடி அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

ஒரு நிமிஷம் போனது. விளக்குகள் ஆடவில்லை. இரண்டு நிமிஷம். எங்கேயோ தூரத்தில் ஆடியிருக்கும், இங்கே வந்து சேரவில்லை என்று யாரோ சொன்னார்கள். பூமி ஆடினால் தெருவில் இருக்கும் ஒலிபெருக்கிகளும் ஊதுமே, அதெல்லாம் ஏன் ஊதவில்லை என்று பல் மருத்துவமனை வரவேற்பாளப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு ஒப்துலியா பதில் யோசிக்கவில்லை, பேசாதே என்றாள்.

சங்கு கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில் வரைபட அறையிலிருந்து குரல் வந்தது.

"மேடம், என்னமோ கருகுற வாசனை வருது."

"பூமி ஆடுனா கருகவா செய்யும்? வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

படிக்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. இருபது லிட்டர் தண்ணீர் ஜாடியால் அதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். எல்லா மாடியிலும் அப்படித்தான். குலுக்கலில் கதவு நிலையோடு இறுகிப்போனால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று எட்டாவது மாடி ஜாடியை வைத்தது ஒப்துலியாவேதான். நிலநடுக்கத்துக்கு அது சரியான யோசனை. தீக்கு அது புகைக்கு விரித்த நடைபாவாடை. மூன்றாவது நிமிஷம் முடியும்போது அந்தக் கதவு வழியாகக் கறுப்புப் புகை உள்ளே நுழைந்து கூரையைத் தடவிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததையெல்லாம் தீயணைப்புக்காரர்களே பாராட்டினார்கள். பல் மருத்துவமனைத் துண்டுகளை நனைத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். முன்னால் போகிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடக்கச் சொன்னாள். மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் இரும்புப் படி இருந்தது. அதில் யாரும் ஒருநாளும் இறங்கியதில்லை, தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. நாற்காலியால் அடித்துத் திறந்தார்கள். ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

கடைசியாகப் போக வேண்டியவள் அவள். போவதற்கு முன்னால் ஒவ்வோர் அறையாகப் பார்த்து, ஆளில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மேல்சட்டை போட்டவரின் கடமை அது. அவள் திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தின் அந்தக் கடைசிக்கும் அவளுக்கும் நடுவில் படிக்கட்டுக் கதவு இருந்தது, அங்கே புகை இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சங்கு மறுபடி ஊதிக் காதைப் பிளந்துகொண்டிருந்தது, பதில் வந்ததோ இல்லையோ அவளுக்குக் கேட்கவில்லை. அப்போது அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனுஷன் இந்நேரம் ஓடியிருப்பான். ஓடுகாலி, வேறென்ன செய்வான். அந்த எரிச்சலோடுதான் அவள் இரும்புப் படியில் கால் வைத்தாள்.

தெருவில் தலை எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பிறகு தெருமுனைக்கு நடந்தாள். நடை போகப்போக ஓட்டமானது. தமாலே வண்டிக்காரி பானையை மூடிவிட்டு, புகையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நிக்காந்த்ரோ எங்க?"

"இன்னைக்கு வரலியே மேடம்."

ஒப்துலியா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் தீயணைப்புக்காரர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். தீ எட்டாவது மாடிக்கு வரவே இல்லை, புகைதான் கொன்றது. தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார் என்றும், கைக்குட்டையை வாயில் வைத்திருந்தார் என்றும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அர்செனியோ அவளை ஒரு காப்பிக் கடைக்கு வரச் சொன்னார். தட்டச்சு செய்த காகிதம் ஒன்று வைத்திருந்தார். வழிநடத்துபவரின் உத்தரவை மீறி, தன் சாமான்களை எடுப்பதற்காக நிக்காந்த்ரோ திரும்பிப் போனார் என்று அதில் இருந்தது. கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"அவர் எங்கயும் திரும்பிப் போகல" என்றாள்.

"உங்க கையெழுத்துல மூணு புகார் இருக்கு மேடம். சொன்னா கேக்காத ஆளுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதையும் எல்லாரும் நம்புவாங்க."

"உங்க ஒத்தைச் சங்கைப் பத்தி யார் எழுதறது?"

அர்செனியோ காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, சங்கைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்து தூணைப் பற்றியும் பேச வேண்டிவரும், சிறைக்குப் போவது நான் மட்டுமில்லை என்று நிதானமாகச் சொன்னார். அது உண்மை என்பது அவளுக்கும் தெரியும். செத்தவர் செத்துவிட்டார், அவர் பேர் கெட்டால் அவருக்குத் தெரியவா போகிறது என்றார். நிக்காந்த்ரோவின் மனைவியிடமும் காகிதத்தில் உள்ளபடிதான் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு நாள் அது அவள் கைப்பையில் கிடந்தது. பயமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்தாள். ஜாடியையும் விடவில்லை. அங்கிருந்து நேராக நிக்காந்த்ரோ வீட்டுக்குப் போனாள்.

முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருக்கும் பழைய வீடு. மேல் தளத்தில், இறந்தவருக்காகச் சொல்லும் ஒன்பது நாள் ஜெபமாலையின் ஐந்தாம் நாள் நடந்துகொண்டிருந்தது. மனைவி ப்ரிஸ்கா சமையல் மேலங்கியோடு வாசலுக்கு வந்தாள். அழுத கண் இல்லை, எரிகிற கண். ஒப்துலியா தன் பெயரைச் சொன்னாள்.

"நீங்கதானா அந்தம்மா? உள்ள வாங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. சொன்ன பேச்சைக் கேக்காத மனுஷனை யார் என்ன செய்ய முடியும்? பேனாப் பெட்டிக்காகத் திரும்பிப் போனாராமே. தலைல அடிச்சுக்கணும் போல இருக்கு."

ஒப்துலியா வாசற்படியைத் தாண்டவில்லை.

"அவர் திரும்பிப் போகல. நான் நில்லுன்னு சொன்ன இடத்துலயே நின்னார். கருகுதுன்னு சொன்னார், நான்தான் வாயை மூடச் சொன்னேன். கடைசில அந்த அறைய நான் போய்ப் பாக்கல. ஓடியிருப்பார்னு நினைச்சுட்டேன்."

ப்ரிஸ்கா வாசற்படிக்கு நெருங்கி வந்தாள்.

"ஓடியிருந்தா?"

"சங்கு ஊதின உடனே ஓடியிருந்தா பொழச்சிருப்பார்."

ப்ரிஸ்கா நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது குரல் தணிந்துவிட்டிருந்தது.

"அந்த மூணாவது புகார் வந்தப்ப, குவாதலூப்பே மாதா படத்து மேல கை வைக்கச் சொன்னேன். இந்த வயசுல வேற வேலை யாரு குடுப்பா, அந்தம்மா நில்லுன்னா நின்னு தொலையேன்னேன். சரின்னாரு. அஞ்சு நாளா சத்தியத்தை மீறிட்டாரேன்னு அவரைத் திட்டிக்கிட்டே இருக்கேன்."

"தப்பு என்னோடது. உங்களோடது இல்ல. எழுதியே கொடுத்துட்டு வந்திருக்கேன்."

"எழுதிக் குடுத்தீங்க, அது கோர்ட்டுக்கு. எங்கிட்ட எதுக்கு வந்து சொன்னீங்க? நான் பாட்டுக்கு அந்தக் கோபத்தோடயே காலத்தை ஓட்டியிருப்பேனே."

உள்ளேயிருந்து யாரோ ப்ரிஸ்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அடுத்த ஜெபத்தை அவள்தான் தொடங்க வேண்டுமாம். அவள் மேலங்கி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. தொடங்க வேண்டிய குரல் வரவே இல்லை, ஜெபம் காத்திருந்தது. ஒப்துலியா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கத் தொடங்கினாள்.